ரயில் கடவையில் அணைந்த கொரோலா

வாகனம் 2001ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா, நம் ஊரில் 121 என்று அழைக்கப்படுவது. எஞ்சின் 1என்இசட்-எஃப்இ, 1497 சிசி, நான்கு சிலிண்டர், கேபிளால் இழுபடும் திறொட்டில், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு. மீற்றர் 214,000 கிலோமீற்றர் என்று காட்டியது. இருபது வயது தாண்டிய வண்டிகளில் மீற்றர் சொல்வதை நான் எழுதிக்கொள்வேன், நம்பமாட்டேன். உரிமையாளர் யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். இந்தக் குறிப்பில் அவரை மாஸ்ரர் என்றே அழைக்கிறேன்.

அவர் சொன்ன முறைப்பாடு இது: "தம்பி, காலையில் எடுக்கும்போது ஒரு குறையும் இல்லை. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி எஞ்சின் சூடேறியதும் நடுங்கத் தொடங்குகிறது. ஓடும்போது சமாளிக்கிறது. நின்றால் நடுக்கம். ஏசியும் போட்டிருந்தால் அணைந்தே விடுகிறது."

மகள் வீடு மானிப்பாயில். உரும்பிராயிலிருந்து அங்கே போவதென்றால் ரயில் பாதையைக் கடந்தே ஆகவேண்டும். எஞ்சின் சரியாகச் சூடேறும் நேரத்தில் கடவை வருகிறது, படலை விழுகிறது, வண்டி அணைகிறது, பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள். 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. இடைப்பட்ட இருபத்து நான்கு ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் யாரும் கடவையில் காத்து நின்றதில்லை. இப்போது ஸ்லோ சரியில்லாத வண்டிகளைக் கண்டுபிடித்து என்னிடம் அனுப்புவதே கடவைகள்தான் என்று சில நாட்களில் தோன்றும். ஸ்லோ என்று நாங்கள் சொல்வது, காலை எடுத்துவிட்டு நிற்கும்போது எஞ்சின் தானாக ஓடும் வேகத்தை.

என்னிடம் வருவதற்கு முன் வண்டி மூன்று கராஜ் ஏறி இறங்கியிருந்தது. நான்கு பிளக்கும் புதிது. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் ஒன்று புதிது. பெற்றோல் பில்டர் புதிது. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாட்கள் நன்றாக ஓடியதாம். பற்றறியைக் கழற்றிப் பூட்டினாலே பல வண்டிகள் இரண்டு நாள் நன்றாக ஓடும், கணினி தான் கற்று வைத்திருந்ததை மறந்துவிடுவதால். அந்த இரண்டு நாளுக்கான புகழ் புதிய கொயிலுக்குப் போய்ச் சேரும்.

இப்படிப்பட்ட வண்டிக்குத் திறொட்டிலைக் கழற்றிச் சுத்தம் செய்தால் சரி என்று இன்று யாரும் சொல்வார்கள். பாதி வண்டிகளில் அது உண்மையும்கூட. ஆனால் அழுக்கு எங்கே, எந்தப் பக்கத்தில், என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் துடைத்துவிட்டால், அது எப்படி உள்ளே வந்தது என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆறு மாதத்தில் மாஸ்ரர் மறுபடியும் கடவையில் நிற்பார். ஆகவே முதல் நாள் நான் ஸ்பிரே போத்தலைத் தொடவில்லை. ஸ்கானரைப் பூட்டினேன். இந்தக் காலத்து ஜப்பான் உள்நாட்டு வண்டிகளோடு மலிவான புளூடூத் ஸ்கானர்கள் பல பேச மறுக்கும். ரொயோட்டாவின் மொழி தெரிந்த கருவி வேண்டும்.

எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. பிழை எண் ஒன்றும் பதிவாகவில்லை. முந்தைய மூன்று இடங்களிலும் ஸ்கானர் பிடித்தவர்கள் இதைப் பார்த்தவுடன் கழற்றி வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். நான் பார்த்தது எரிபொருள் திருத்தத்தை. கணினி, உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்ற பெற்றோலைக் கணக்கிடுகிறது. புகைக் குழாயில் உள்ள ஒட்சிசன் சென்சர், கணக்கு சரியா என்று பார்த்துச் சொல்கிறது. பெற்றோல் குறைவு என்றால் கணினி கூட்டுகிறது, அதிகம் என்றால் குறைக்கிறது. நீண்ட காலமாகக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கும் அளவு சதவீதமாகத் தெரியும். கூட்டல் 5, கழித்தல் 5 என்ற எல்லைக்குள் இருந்தால் நான் கவலைப்படமாட்டேன்.

மாஸ்ரரின் வண்டியில், சூடான எஞ்சின் ஸ்லோவில் நிற்கும்போது கூட்டல் 15. நிமிடத்துக்கு 2500 சுற்றில் பிடித்து வைத்தால் கூட்டல் 19. கலவையில் பெற்றோல் குறைவு என்று சொல்லும் பி0171 என்ற பிழை எண் விழுவதற்கு இது போதாது. எஞ்சின் நோயாளி என்று சொல்ல இது தாராளமாகப் போதும்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கோ ஒரு குழாய் வெடித்து, அளக்கப்படாத காற்று திருட்டுத்தனமாக உள்ளே வந்தால், ஸ்லோவில் திருத்தம் பெரிதாக இருக்கும், வேகம் கூடும்போது குறையும். மொத்தக் காற்று கூடும்போது ஓட்டையால் வரும் பங்கு சிறுத்துவிடும் என்பதே காரணம். காற்றை அளக்கும் எயார் ஃபுளோ சென்சரே குறைத்துச் சொன்னால் நிலைமை வேறு. காற்று கூடக்கூடப் பிழையும் கூடும், அல்லது குறையாமல் நிற்கும். இங்கே கூடியது. ஆகவே எயார் ஃபுளோ சென்சர் அழுக்கு என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரிதான், ஆனால் பாதிதான் சரி. ஸ்லோவிலேயே 15 என்ற எண்ணை நான் இன்னும் கொஞ்சம் முறைத்துப் பார்த்திருக்கவேண்டும்.

எயார் கிளீனர் பெட்டியைத் திறக்கப் போனபோது ஒரு பக்கத்துக் கிளிப் இல்லை. அதற்குப் பதில் செப்புக் கம்பி சுற்றியிருந்தது. உள்ளே பில்டர் புத்தம் புதிது. "இரண்டு மாதத்துக்கு முன் மாற்றியது" என்று மாஸ்ரர் சற்றுப் பெருமையோடு சொன்னார். அதைத் தூக்கியதும், பெட்டியின் சுத்தப் பக்கத்தில், அதாவது பில்டரைத் தாண்டிய பக்கத்தில், ஒரு மூலையிலிருந்து சென்சர் வரை சிவப்பாக ஒரு கோடு. மழை நீர் சுவரில் வழிந்து காய்ந்த தடம் போல இருந்தது.

உரும்பிராய், கோண்டாவில், கோப்பாய்ப் பக்கத்து ஆட்களுக்கு அந்த நிறத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் செம்பாட்டு மண், இரும்பு ஒட்சைட்டுச் சிவப்பு. வெங்காயத் தறைக்கும் வாழைக்கும் புகையிலைக்கும் அது பொன். காய்ந்துவிட்டால் மாவாகப் பறக்கும். வைகாசி ஆனிக் காற்றில் கொடியில் காயும் வேட்டியைக் கேட்டால் சொல்லும். நல்ல கடதாசிப் பில்டர் இதைப் பிடித்துவிடும். ஆனால் இந்தப் பில்டரின் இறப்பர் விளிம்பு பெட்டியின் பள்ளத்தில் ஒரு மூலையில் உட்காரவே இல்லை. விரல் நகம் நுழையும் இடைவெளி. கிளிப்பும் இல்லாததால் மூடி அந்த மூலையை அழுத்தவும் இல்லை. காற்று எப்போதும் எளிய வழியால் போகும். கடதாசியின் மடிப்புகளை ஊடுருவுவதை விட அந்த மூலை எளிது.

எயார் ஃபுளோ சென்சரில் மயிர் போன்ற மெல்லிய பிளாட்டினக் கம்பி ஒன்று மின்சாரத்தால் சூடாக்கப்பட்டிருக்கும். கடந்துபோகும் காற்று அதைக் குளிர்விக்கும். அதே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து கணினி காற்றின் நிறையைக் கணக்கிடுகிறது. கம்பியின் மேல் மண் படிந்து வெந்து ஒட்டிக்கொண்டால் அது போர்வை போர்த்த மாதிரி. காற்று சரியாகக் குளிர்விக்காது, கணினி காற்று குறைவு என்று எண்ணும், பெற்றோலைக் குறைக்கும். மாஸ்ரரின் வண்டியில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது கம்பி செங்கல் நிறத்தில் இருந்தது.

"பெற்றோலில் ஒரு முறை முக்கி எடுத்தால் போகாதா?" என்று கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு போத்தல் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வரும் புகையில் முன்னால் போவது மொறிஸா ஒஸ்ரினா என்று தெரியாது. காபரேற்றரைக் கழற்றிக் கழுவிப் பூட்டுவது அன்று வாராந்த வேலை. அந்தத் தலைமுறையின் கைக்குக் கழுவுவது என்பது மருந்து. உலோகக் காபரேற்றர் எதையும் தாங்கும். இந்தக் கம்பி தாங்காது. அதற்கென்று விற்கும் சென்சர் கிளீனர் மட்டும்தான். காபரேற்றர் கிளீனரும் பிரேக் கிளீனரும் பிளாஸ்ரிக் உடலையும் பூச்சுகளையும் கெடுத்துவிடலாம். கம்பியில் விரலோ பஞ்சோ தூரிகையோ படக்கூடாது. கொம்பிரசர் காற்றை அடித்தால் கம்பி அறுந்துபோகும். எஞ்சின் ஆறிய பிறகு, வயர் பிளக்கைக் கழற்றி, இரண்டு ஸ்குறூ நீக்கி, சென்சரை வெளியே எடுத்து, சாய்வாகப் பிடித்துப் பத்துப் பன்னிரண்டு முறை ஸ்பிரே செய்தேன். வழிந்தது தேநீர்ச் சாயம். பிறகு அரை மணி நேரம் நிழலில் காயவிட்டேன். காயாமல் பூட்டி மின்சாரம் கொடுப்பது தீயோடு விளையாடுவது.

புதிய, விளிம்பு சரியான பில்டர் ஒன்று. பழைய பெட்டி ஒன்றிலிருந்து ஒரு கிளிப். எஞ்சின் கணினிக்கு மின்சாரம் போகும் ஈஎஃப்ஐ பியூசை ஒரு நிமிடம் கழற்றி வைத்துக் கணினியின் பழைய கணக்கை அழித்தேன். கோப்பாய்ச் சந்தி வரை ஓடித் திரும்பி வந்து பார்த்தால் 2500 சுற்றில் திருத்தம் கூட்டல் 4. அருமை. ஸ்லோவில் கூட்டல் 11.

அருமை என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். இப்போது வடிவம் மாறிவிட்டது. வேகத்தில் சிறிது, ஸ்லோவில் பெரிது. இது ஓட்டையின் கையெழுத்து. சென்சரின் பிழை அதை மூடி வைத்திருந்தது.

ஓட்டை தேடுவதற்குச் சிலர் பெற்றோலையோ காபரேற்றர் கிளீனரையோ ஓடும் எஞ்சின் மேல் தெளிப்பார்கள். சூடான புகைக் குழாய்க்குப் பக்கத்தில் அதைச் செய்கிறவர்களின் தைரியம் எனக்கு இல்லை. பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தல் ஒன்று வைத்திருக்கிறேன். எஞ்சின் ஓடும்போது இன்ரேக் பக்கத்து, அதாவது காற்று உள்ளே போகும் பக்கத்து, இறப்பர் குழாய்கள், இணைப்புகள், கஸ்கெற் ஓரங்கள் மேல் மெல்லத் தெளிப்பேன். ஓட்டையில் தண்ணீர் பட்டதும் சீறல் ஒரு கணம் அடங்கும், எஞ்சினின் குரல் மாறும். எஞ்சினின் அடிவயிற்று வாயுவைத் திரும்ப எரிக்க அனுப்பும் பீசிவீ வால்விலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்ரேக் மனிபோல்டுக்குப் போகும் குழாயின் வளைவில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில், குரல் மாறியது. கழற்றிப் பார்த்தால் குழாய் ஒயிலில் ஊறி பலூன் போல இளகி, ஒரு அங்குலத்துக்கு நீளவாட்டில் பிளந்திருந்தது. வால்வைக் காதருகே ஆட்டினேன். கிலுக்கிட்டி போல ஒலிக்கவேண்டியது ஊமையாக இருந்தது. இரண்டையும் மாற்றினேன். இந்தக் குழாய்க்கு வெறும் தண்ணீர்க் குழாயை வெட்டிப் பூட்டக்கூடாது. ஒயிலைத் தாங்கும் இறப்பர் வேண்டும், இல்லையென்றால் சில மாதங்களில் அதுவும் இளகும்.

மறுபடி கோப்பாய்ச் சந்தி. ஸ்லோவில் கூட்டல் 3, 2500 சுற்றில் கூட்டல் 2.

கணக்குச் சரி. ஆனாலும் ஏசியைப் போட்டதும் எஞ்சின் 450 சுற்று வரை விழுந்து, தடுமாறி, பிறகு எழுந்தது. அணையவில்லை, அவ்வளவுதான் முன்னேற்றம்.

இங்கே பலர் வழுக்கி விழும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திறொட்டில் பொடியின் அழுக்கு எரிபொருள் திருத்தத்தில் தெரியாது. ஏனென்றால் அந்தக் காற்று ஏற்கனவே சென்சரைத் தாண்டி அளக்கப்பட்டு வந்தது. கரி வழியை ஒடுக்கினால் குறைந்த காற்று, அதற்கேற்ற குறைந்த பெற்றோல். கலவை சரியாகவே இருக்கும், எஞ்சினுக்கு மூச்சுத்தான் போதாது. ஆகவே "திருத்தம் நன்றாக இருக்கிறது, திறொட்டில் சுத்தம்" என்று யாராவது சொன்னால் அவர் இரண்டு வேறு கேள்விகளைக் குழப்புகிறார்.

காற்றுக் குழாயைக் கழற்றித் திறொட்டில் தகட்டைக் கையால் திறந்தேன். தகட்டின் பின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு வளையம், விரல் வைத்தால் தார் போல ஒட்டியது. முன்பக்கத்தில் சிவப்பு, பின்பக்கத்தில் கறுப்பு. சிவப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியும். கறுப்பு எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து வந்தது. பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கசியும் வாயுவும் ஒயில் ஆவியும் பீசிவீ வழியாகத்தான் திரும்ப எரிக்கப் போகவேண்டும். வால்வு அடைத்துவிட்டால் அவை மறுபக்கத்து மூச்சுக் குழாயால் திறொட்டிலுக்கு முன்னால் வந்து, தகட்டில் படிந்து காயும். ஊமை வால்வுக்கும் இந்தத் தாருக்கும் உள்ள உறவு அதுதான்.

திறொட்டில் பொடியை முழுதாகக் கழற்றினேன். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கழற்றவேண்டும், கூலன்ற் குழாய்களும் அதில் இணைந்திருக்கின்றன. கிளீனரைத் துணியில் அடித்துத் துடைத்தேன், மூலைகளுக்குப் பழைய பல் தூரிகை. அதன் அடியில் இருக்கும் ஸ்லோ வால்வுதான் உண்மையான குற்றவாளி. தகடு மூடியிருக்கும்போது எஞ்சின் சுவாசிக்கும் காற்றை அளந்து விடுவது அதன் வேலை. உள்ளே சுழலும் சிறு கதவு கரியில் சிக்கி, தள்ளினால் ஒட்டி ஒட்டி நகர்ந்தது. எஞ்சின் குளிராக இருக்கும்போது வால்வு அகலத் திறந்து நிற்கும், சிக்கலுக்கு இடமில்லை. சூடேறியதும் ஒடுங்கிய ஒரு நிலையில் நின்றுகொண்டு, ஏசி போடும் கணத்தில் சட்டென்று திறக்கவேண்டும். இது யோசித்துத் திறந்தது. மாஸ்ரர் சொன்ன "காலையில் குறையில்லை, கடவையில் அணைகிறது" என்ற கதை முழுவதும் இந்த விரல் நுனி அளவு கதவுக்குள் இருந்தது. மின்சுருள் இருக்கும் பக்கம் நனையாமல் கதவை மட்டும் கழுவி, புதிய கஸ்கெற்றோடு பூட்டினேன்.

ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் 1500 சுற்றில் கத்தியது.

மாஸ்ரரின் முகத்தைப் பார்க்காமல் பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். தகடு முழுதாக மூடும் இடத்தில் அதைத் தாங்கி நிற்கும் ஒரு சின்ன ஸ்குறூ உண்டு. தொழிற்சாலையில் வைத்துப் பூசிய வர்ணப் புள்ளி அதன் தலையில் இருக்கும். இதில் புள்ளி உடைந்திருந்தது. யாரோ ஒருவர், வண்டி அணையாமல் இருக்கட்டும் என்று, காபரேற்றர் காலத்துப் பழக்கத்தில் அதைத் திருகித் தகட்டைச் சற்றுத் திறந்து வைத்திருக்கிறார். கரி வளையம் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்த வரை கணக்கு ஒருவாறு சமப்பட்டது. கரியை நான் எடுத்ததும் திருகல் வெளியே வந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. காதால் கேட்டு, கையால் திருகி, நாற்பது வருடம் வண்டி ஓடவைத்தவர்களின் கை அது. ஆனால் இந்த எஞ்சினில் ஸ்லோ வைப்பது கணினியின் வேலை. ஸ்குறூ வெறும் காவல்.

தகடு துளையில் உரசிச் சிக்கிக்கொள்ளாத அளவுக்கு மட்டும் ஸ்குறூவைப் பின்வாங்கி, பூட்டு நட்டை இறுக்கினேன். திறொட்டில் நிலை சென்சரின் வோல்ற்றளவு மூடிய நிலையில் 0.8இலிருந்து 0.5க்கு வந்தது. பியூசைக் கழற்றிப் பூட்டி, பத்து நிமிடம் எதுவும் போடாமல் ஸ்லோவில் விட்டேன், பிறகு ஏசியோடு ஐந்து நிமிடம். கணினி புதிதாகக் கற்றுக்கொள்ள அந்த நேரம் வேண்டும். 700 சுற்றில் நின்றது. ஏசி போட்டதும் ஒரு சிறு குலுக்கல், உடனே 850.

இதே வேலையைப் புதிய வண்டிகளில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேபிள் இல்லாமல் மோட்டாரால் இயங்கும் திறொட்டிலைக் கையால் தள்ளித் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் பற்சில்லுகள் உடையும். ஓடும் எஞ்சினுக்குள் மருந்தைச் செலுத்தி வால்வுக் கரியைக் கரைப்பதாக விற்கும் சேவை இந்தக் கொரோலாவுக்குத் தேவையில்லை. இதன் இஞ்செக்டர்கள் வால்வின் முதுகிலேயே பெற்றோலைத் தெளித்து அதைக் கழுவிக்கொண்டிருக்கின்றன. ஹொண்டா வெசல் போல நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின்களில் வால்வுக் கரி உண்மையான பிரச்சினை. அது தனியாக எழுதவேண்டிய கதை.

மூன்று மாதம் கழித்து, 2,300 கிலோமீற்றர் ஓடிய பின், மாஸ்ரர் சொன்ன நாளில் வந்தார். ஸ்லோவில் திருத்தம் கூட்டல் 2. எயார் கிளீனரின் சுத்தப் பக்கம் வெள்ளைத் துணியால் துடைத்தும் சிவப்பு இல்லை. திறொட்டில் தகட்டின் பின்னால் மட்டும் மெல்லிய கறுப்பு திரும்பவும் படியத் தொடங்கியிருந்தது. ஒயிலும் அந்தத் தூரத்தில் முக்கால் லீற்றர் குறைந்திருந்தது. வளையங்கள் தேய்ந்துவிட்டன. எஞ்சினைப் பிரிப்பதா என்று பேசினோம். 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததில் இந்தப் பழைய கொரோலாக்களுக்கு விலை ஏறியதால், பிரித்துச் செய்தாலும் நட்டமில்லை என்பது உண்மை. ஆனால் மாதம் 800 கிலோமீற்றர் கூட ஓடாத வண்டிக்கு அது இப்போது வேண்டாம், வருடம் ஒரு முறை திறொட்டிலைத் துடைப்போம், ஒயில் அளவைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பாருங்கள் என்றேன். கொப்பியில் எழுதிக்கொண்டார்.

போகும்போது பழைய பில்டரைக் கேட்டார். நான் அதைச் சுவரில் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன், வருகிறவர்களுக்குக் காட்ட. அடிமட்டத்தை எடுத்து விளிம்பை நான்கு பக்கமும் அளந்தார். ஒரு பக்கம் 3 மில்லிமீற்றர் குறைவு. அதைப் பையில் போட்டுக்கொண்டு, வாங்கிய கடைக்கே கொண்டுபோனார். அடுத்த வாரம் தொலைபேசியில் சொன்னார்: கடைக்காரர் மறுக்கவில்லையாம், அதே பெட்டிக்குள் கையை விட்டு இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாராம். மாஸ்ரர் அங்கேயே அடிமட்டத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். அதுவும் 3 மில்லிமீற்றர் குறைவு.